ஆயா பிறந்த ஜில்லா எது?

சித்தூர்ப் பக்கம் எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆயாவிடம், "நீங்க பிறந்தது எந்த ஜில்லா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வராது. அவருக்கு மறதி என்று நினைத்துவிடாதீர்கள். கேள்வியே கொஞ்சம் வில்லங்கமானது.

திருத்தணியில் 1935-ல் பிறந்து, பிறந்த தெருவை விட்டு எங்கும் போகாத ஒரு பெண்மணியை வைத்துக்கொள்வோம். பிறக்கும்போது அவர் சென்னை மாகாணம், சித்தூர் ஜில்லா. 18 வயதில், 1953 அக்டோபர் 1 அன்று, ஆந்திர மாநிலத்துக்காரர் ஆனார். 1956-ல் ஆந்திரப் பிரதேசம். 1960 ஏப்ரல் 1 முதல் மறுபடியும் சென்னை மாநிலம், ஆனால் செங்கல்பட்டு ஜில்லா. 1969-ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் வந்தது. இத்தனைக்கும் அவர் வீட்டு வாசற்படி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

சத்தியவேட்டுக்காரர் கதை இதற்கு நேர் எதிர்த்திசை. செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தவர் அதே 1960 ஏப்ரலில் சித்தூர் ஜில்லாவுக்கு வந்தார். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்காரர் ஆனார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஊர் வரலாறு எழுத வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். தாத்தா சொன்ன கதை கையில் இருக்கும். அதற்கு ஒரு காகித ஆதாரம் தேடிக் கிளம்புவார்கள். கலெக்டர் ஆபீசில் "இங்கே இல்லை" என்பார்கள். அதோடு விட்டுவிடுவார்கள். டீ ஆறுவதற்குள், அந்தக் காகிதம் எங்கே போனது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

அதற்கு முன் ஓர் ஒப்பீடு. இங்கிலாந்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-ல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு ஊர்த் தேவாலயமும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது உத்தரவு. அதனால் ஒரு சின்னக் கிராமத்துக்குக்கூடத் தலைமுறை தலைமுறையாகப் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அப்படி ஓர் அடித்தளம் இருக்கும் நாட்டில்தான் அவர்கள் ஊர் நினைவுகளை எழுதுகிறார்கள். லாரி லீ தன் ஸ்லாட் கிராமத்துப் பிள்ளைப் பருவத்தை 1959-ல் புத்தகமாக்கினார். ரொனால்ட் பிளைத் சஃபோக் பகுதி ஜனங்களைப் பேசவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, 1969-ல் 'ஏக்கன்ஃபீல்ட்' எழுதினார். நம்மிடம் நினைவுக்குப் பஞ்சமே இல்லை. அதைக் கட்டிப்போட ஒரு முளைக்குச்சி வேண்டும், அவ்வளவுதான்.

சித்தூர், திருப்பதி விஷயத்துக்கு வருவோம். 1801-ல் கர்நாடக நவாபின் சீமை முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அப்போது உருவான வட ஆற்காடு ஜில்லாவுக்குப் பின்னர் தலைநகராக இருந்தது சித்தூர். வேலூருக்கு அந்த இடம் கிடைத்தது 1911-க்குப் பிறகுதான். அந்த வருஷம் ஏப்ரல் 1 அன்று வட ஆற்காட்டின் வடபகுதித் தாலுகாக்களைப் பிரித்து, கடப்பை ஜில்லாவிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு இரண்டையும் சேர்த்து, புதிய சித்தூர் ஜில்லாவை அமைத்தார்கள். ஆகவே உங்கள் முப்பாட்டனார் 1890-ல் திருப்பதியில் ஒரு வழக்குப் போட்டிருந்தால், அது 'வட ஆற்காடு' என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கும். மதனப்பள்ளியில் போட்டிருந்தால் 'கடப்பை'. 1953-க்கு முந்தைய மாகாண அரசின் உத்தரவுகளையும் கோப்புகளையும் தேட சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். 1909-ல் கட்டிய அந்தச் சிவப்புக் கட்டடம்தான். அதற்கு முன் வீட்டிலிருந்தே படிக்க ஒரு புத்தகம் உண்டு. ஆர்தர் காக்ஸ் 1881-ல் எழுதி, பிறகு ஹரால்ட் ஸ்டூவர்ட் திருத்தி விரித்த வட ஆற்காடு ஜில்லா மேனுவல். வெள்ளைக்கார அதிகாரிகளின் ஜாதிக் கணிப்புகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஏரி, சந்தை, ஜமீன் விவரங்களுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

ஒரு பையனின் படிப்பைப் பார்த்தாலே அந்தப் பழைய ஜில்லாவின் நீள அகலம் விளங்கும். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-ல் திருத்தணியில் பிறந்தார். 1896-லிருந்து 1900 வரை திருப்பதியில் ஜெர்மன் லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார். அடுத்து வேலூர் ஊரிஸ் கல்லூரி. அன்றைக்கு இந்த மூன்று ஊரும் ஒரே கலெக்டரின் கீழ். இன்றைக்கு மூன்று மாவட்டம், இரண்டு மாநிலம். அவர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் சிலர் 'ஆந்திரத்துக்குப் போய்ப் படித்தார்' என்று எழுதுகிறார்கள். அந்தப் பையன் ஜில்லாவைத் தாண்டவே இல்லை.

வீட்டுப் பரணில் பழைய பட்டா, தீர்வை ரசீது ஏதாவது அகப்பட்டால், அதில் ஆங்கில வருஷத்தைத் தேடிக் குழம்ப வேண்டாம். 'பசலி' என்று ஓர் எண் இருக்கும். அதோடு 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1345 என்றால் 1935 ஜூலையில் தொடங்கி 1936 ஜூனில் முடியும் வருஷம். அறுவடைக் கணக்குக்கு வசதியாக ஜூலையில் தொடங்கும் ஆண்டு அது. இந்த ஒரு கூட்டல் தெரிந்தால் பாதி ரசீதுகள் வாய்திறந்து பேசிவிடும்.

அடுத்த முடிச்சு கொஞ்சம் பெரியது. கார்வேட்டி நகரம், காளஹஸ்தி, புங்கனூர், குப்பம் பக்கத்துக் கங்குந்தி எல்லாம் ஜமீன்கள். ரயத்துவாரி கிராமம் என்றால் சர்க்கார் நேராக வயலை அளந்து, சர்வே நம்பர் போட்டு, யார் நிலம் என்று எழுதி வைத்திருக்கும். ஜமீன் கிராமத்தில் குடியானவன் வரி கட்டியது ஜமீன்தாருக்கு. ஜமீன்தார் மொத்தமாக ஒரு தொகையைச் சர்க்காருக்குக் கட்டினார். உள்ளே யார் உழுதார், யாரை விரட்டினார்கள் என்பதெல்லாம் ஜமீன் கச்சேரிக் கணக்கில் இருந்திருக்கும். 1948-ல் சென்னை அரசு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் இந்தக் கிராமங்களுக்கு முறையான சர்க்கார் கணக்கு வந்தது. எனவே நகரிப் பக்கமோ காளஹஸ்திப் பக்கமோ உங்கள் ஊர் என்றால், 1948-க்கு முன்னால் காகிதம் மெலிவாகத்தான் இருக்கும். அங்கே கிழவிகளின் வாய்தான் ஆவணம். இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. வேறு வழியில்லை என்பதால் சொல்கிறேன்.

வாயில் வரும் கதையை எப்படிப் படிப்பது? திருப்பதியில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் சிறுவயது என்றவுடன் மலைக்கு முன்னால் நினைவுக்கு வருவது கங்கம்மா ஜாத்திரைதான். மே மாதம், தாத்தய்யகுண்ட கங்கம்மா. வேங்கடவனுக்குத் தங்கை என்று சொல்லி, மலையிலிருந்து மஞ்சள் குங்குமமும் சேலையும் சீர் வரிசையாக இறங்கி வரும். பையன்கள் நாளுக்கு ஒரு வேஷம் கட்டுவார்கள்: பைராகி, பண்ட, தோட்டி, தொர, மாதங்கி, பிறகு தலையில் சுண்ணாம்புப் பானை. பண்ட வேஷத்தன்று யாரை வேண்டுமானாலும் கெட்ட வார்த்தையில் திட்டலாம். திட்டு வாங்கியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. பத்து வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய திருவிழா வேறென்ன இருக்க முடியும்? மீசை வைத்த ஆண்கள் சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு தெருவில் போவதும் இந்த ஒரு வாரத்தில்தான்.

இந்த வேஷங்களுக்குப் பின்னால் ஒரு கதை. ஊர்ப் பெண்களைக் கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பாளையக்காரன், பாளேகாடு. கங்கம்மா அவனைத் தேடி வேஷம் மாற்றி மாற்றி வருகிறாள். அவன் ஒளிந்துகொள்கிறான். தொர வேஷத்தில், ஒரு பிரபுவைப் போல வந்து நிற்கும்போது, தன்னைப் போன்றவன்தானே என்று நம்பி வெளியே வருகிறான். தலை போகிறது. மறுநாள் மாதங்கி வேஷம். அவன் மனைவிக்கு ஆறுதல் சொல்ல.

அந்தப் பாளேகாடு யார், எந்த வருஷம் என்று கேட்டுப் புறப்பட்டால் கையில் ஒன்றும் அகப்படாது. வேறு கேள்வி கேட்டால் அகப்படும். சித்தூர்ச் சீமையில் பல பாளையங்கள் இருந்தது உண்மை. கம்பெனி வந்த புதிதில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சித்தூர்ப் பாளையக்காரர்களோடு மோதி அவர்களை அடக்கியதும் பதிவான வரலாறு. வெள்ளைக்காரன் கோப்பில் பாளையக்காரன் 'கலகக்காரன்'. இன்றைய பாடப் புத்தகத்தில் பல இடங்களில் 'விடுதலை வீரன்'. ஜாத்திரைக் கதையில் அவன் பெண்களுக்குப் பயம் தந்தவன். மூன்றில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அவசரமில்லை. ஆனால் மூன்றாவது கருத்தை எந்த அரசாங்கக் காகிதமும் நமக்குத் தந்திருக்காது. தெருவில் ஆடும் ஜனங்கள்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நினைவைத் தேதிக்கு நம்பக் கூடாது. யாருக்கு யாரிடம் பயம் இருந்தது என்பதற்கு நம்பலாம்.

தேதி வேண்டுமா, அதற்கும் ஒரு வழி உண்டு. பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். பள்ளிச் சேர்க்கையில் வாத்தியார் போட்ட பிறந்த தேதியே உத்தேசம்தான். "மலைக்கு பஸ் வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள். முதல் மலைச்சாலை 1944 ஏப்ரலில் திறந்தது. அதற்கு முன் அலிபிரியிலிருந்து நடை, முடியாதவர்களுக்கு டோலி. "நைனா தோளில் உட்கார்ந்து படி ஏறினேன்" என்று ஒருவர் சொன்னால் ஓரளவுக்குக் காலம் பிடிபட்டுவிடும். 'மகந்து காலம்' என்றால் ஹாதிராம்ஜி மடம் கோயிலை நிர்வகித்த 1843 முதல் 1933 வரை. அது பெரும்பாலும் அவர்களுடைய அப்பா சொன்ன கதையாக இருக்கும். 'பட்டணத்திலிருந்து ஜனங்க ஓடிவந்த வருஷம்' என்றால் 1942, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னை காலியான சமயம். 'யூனிவர்சிட்டி வந்த வருஷம்' 1954. திருத்தணிப் பக்கம் என்றால் ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், அதன்பின் 1960 எல்லை மாற்றத்துக்கு வழிவகுத்த படாஸ்கர் தீர்ப்பு. இப்படி நாலைந்து முளை அடித்துவிட்டால் ஒரு வாழ்க்கையே வரிசைக்கு வந்துவிடும்.

சித்தூருக்கென்றே ஒரு சங்கடமும் இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. ஆயா எழுதிய கடிதமும் கல்யாணச் செலவு நோட்டும் தமிழில் இருக்கும். பேரனுக்குப் பேசத் தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியாது. அதே பேரன் தினமும் கோவிந்தராஜர் கோயில் சுவரைக் கடந்து போவான். திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல், பெரும்பாலானவை தமிழ். பல்லவ குலத்துச் சாமவை வெள்ளிப் படிமமும் நகைகளும் நிலமும் கொடுத்த செய்தியும் அதில் ஒன்று. சாது சுப்ரமணிய சாஸ்திரி படியெடுத்து ஆராய்ந்து, தேவஸ்தானமே 1930-களில் தொகுதிகளாக அச்சிட்டது. இரண்டு மாதம் உட்கார்ந்தால் தமிழ் எழுத்து படிக்க வந்துவிடும். தன் ஊரைப் பற்றி எழுத நினைக்கும் சித்தூர்ப் பிள்ளைக்கு நான் சொல்லும் முதல் வேலை அதுதான், காப்பகத்துக்குப் போவதற்கும் முன்னால்.

கடைசியாகக் கர்ணம், அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளை. ஊரின் அடங்கல், நிலக்கணக்கு, யார் ஏரிக்கரையை வெட்டினான் என்ற வம்பு வரை அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது. பரம்பரைப் பதவி, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு, ஒழித்தது சரிதான். தமிழ்நாட்டில் 1980-ல் எம்.ஜி.ஆர். அரசும், ஆந்திரத்தில் 1984-ல் என்.டி.ஆர். அரசும் ஒழித்தன. கர்ணங்கள் சர்க்கார் கணக்கை ஒப்படைத்தார்கள். சொந்தக் குறிப்புகள் எத்தனையோ வீடுகளில் பரணிலேயே தங்கிவிட்டன, கறையானுக்கும் போயின. 1984-ல் நாற்பது வயதில் வேலையை இழந்த கர்ணத்துக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள். போகும்போது ஒரு நோட்டும், பசலிக் கணக்கும்.