தள்ளாடினாலும் தரையிறங்கியது

2021 மே 22. செவ்வாய்க் கோளில், ஜெசிரோ பள்ளத்தின் மேலே பத்து மீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்தது இன்ஜெனுயிட்டி. 1.8 கிலோ எடையுள்ள அந்தக் குட்டி ஹெலிகாப்டருக்கு அது ஆறாவது பயணம். கிளம்பி 54 விநாடி ஆனபோது திடீரென ஊசலாடத் தொடங்கியது. 20 டிகிரிக்கும் அதிகமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. பூமியிலிருந்து யாரும் உதவிக்கு வர முடியாது. நம் கட்டளை அங்கே போய்ச் சேரவே பல நிமிடம் பிடிக்கும். அப்படியிருந்தும் அது விழவில்லை. குறித்த இடத்திலிருந்து சுமார் ஐந்து மீட்டருக்குள் பத்திரமாக இறங்கிவிட்டது.

தள்ளாட வைத்தது கேமராவில் வந்த கோளாறு. பத்திரமாக இறக்கியதில் பெரும்பங்கு நிலைம உணரிகளுக்கு. செல்போனுக்குள்ளும் நம்மூர் ட்ரோன்களுக்குள்ளும் இருக்கும் அதே ரகம்தான் அவை.

வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனோ, கல்யாணத்தில் படம் பிடிக்கும் ட்ரோனோ, எதுவுமே தானாக நிலைத்து நிற்காது. நான்கு மோட்டாரில் ஒன்று கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலும் கவிழத் தொடங்கிவிடும். ரிமோட் பிடித்திருப்பவர் 'முன்னே போ', 'மேலே ஏறு' என்றுதான் சொல்கிறார். கவிழாமல் காப்பது உள்ளே இருக்கும் கணினி. விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை, சிலவற்றில் ஆயிரக்கணக்கான முறை, அது சாய்வைக் கணக்கிட்டு ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் திருத்துகிறது. எந்த மனிதக் கையாலும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

சாய்வைச் சொல்ல இரண்டு நிலைம உணரிகள் உண்டு. ஒன்று கைரோஸ்கோப். பழைய விமானங்களில் இருந்தது சுழலும் சக்கரம். இப்போதிருப்பது சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு துண்டு. அது ஓயாமல் இப்படியும் அப்படியும் அதிர்ந்துகொண்டே இருக்கும். ட்ரோன் திரும்பினால், அதிரும் துண்டு பக்கவாட்டில் துளி விலகும். கொரியோலிஸ் விளைவு என்று பாடத்தில் படித்தோமே, அதுதான். துண்டின் ஓரத்திலும் எதிரிலும் மெல்லிய தகடுகள் உண்டு. விலகும்போது அவற்றின் இடைவெளி மாறும், மின்தேக்கும் திறனும் மாறும். அந்த மாற்றமே எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்பதற்கான அளவு. இவ்வளவும் கடுகளவு இடத்தில் நடக்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

ஆனால் கைரோ சொல்வது திரும்பும் வேகத்தை மட்டுமே. எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்பதை, அந்த வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் போகிறவருக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும். அரைமணி கழித்து பஸ் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று கேட்டால் தடுமாறுவார். விநாடிக்கு 0.1 டிகிரி பிழை இருந்தால்கூட ஒரு நிமிடத்தில் 6 டிகிரி சேர்ந்துவிடும். ட்ரோனை ஆன் செய்ததும் சமதரையில் வைத்து, ஆடாமல் அசையாமல் சில விநாடி விடச் சொல்வது இதனால்தான். 'அசையாதபோது நான் காட்டும் எண் இது' என்று கைரோ தன் பிழையை அப்போது அளந்துகொள்கிறது.

இன்னொன்று முடுக்கமானி. அசையாமல் நிற்கும்போது ஈர்ப்பு விசையை வைத்துக் கீழ்த்திசை எது என்று சொல்லிவிடும். நேரம் போகப் போகப் பிழை குவியாது. ஆனால் மோட்டாரின் அதிர்வும், வேகம் கூடுவதும் குறைவதும் அதன் கணக்கில் கலந்துவிடும். அதிர்வைத் தணிக்கத்தான் கட்டுப்பாட்டுப் பலகையை மெத்தென்ற ரப்பர் மேல் பொருத்துகிறார்கள். இரண்டில் எதையும் முழுதாக நம்ப முடியாது. எனவே நொடிப்பொழுது மாற்றத்துக்குக் கைரோவைக் கேட்டு, அதன் பிழையை முடுக்கமானியைக் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துகிறார்கள். ருடால்ஃப் கால்மன் 1960-ல் வெளியிட்ட வடிகட்டி முறை இத்தகைய கணக்குகளுக்கு இன்றும் கைகொடுக்கிறது.

சாய்வை இப்படிச் சமாளித்துவிடலாம். இருக்கும் இடத்தைக் கணிப்பதுதான் கஷ்டம். முடுக்கத்தை ஒருமுறை கூட்டினால் வேகம், மறுமுறை கூட்டினால் தூரம். முடுக்கத்தில் 0.01 மீ/வி² அளவுக்குப் பிழை இருந்தால், 10 விநாடியில் அரை மீட்டர் தவறும். ஒரு நிமிடத்தில் 18 மீட்டர்! பூமியில் இதைத் திருத்த ஜி.பி.எஸ். உண்டு. செவ்வாயில் அது கிடையாது. அதனால் இன்ஜெனுயிட்டியின் கேமரா கீழே தரையை விநாடிக்கு 30 படம் எடுத்து, கற்களும் மேடுபள்ளங்களும் நகர்வதைப் பார்த்துத் திருத்திக்கொண்டது.

ஆறாவது பயணத்தில் அதில் ஒரு படம் தொலைந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதற்குப்பின் வந்த படம் ஒவ்வொன்றிலும் நேரம் தவறாகக் குறிக்கப்பட்டது. எப்போதோ எடுத்த படத்தை இப்போதைய படமாக எண்ணிக் கணினி திருத்தியது. அந்தத் திருத்தமே தவறாகி மறுபடி திருத்தியது. ஊசலாட்டம் இப்படித்தான் வந்தது.

இந்த ஹெலிகாப்டரின் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு ஒன்று உண்டு: இறங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராவின் படங்களை எடுத்துக்கொள்வதே இல்லை. அந்தச் சில விநாடிகளுக்கு நிலைம உணரிகள் மட்டும் போதும். அதற்குள் பிழை பெரிதாக வளராது. தவறான படங்கள் நின்றதும் ஊசலாட்டமும் அடங்கியது.

2022-ல் இன்னொரு சோதனை. கிளம்பும் முன் தரையில் எவ்வளவு சாய்ந்து நிற்கிறோம் என்று அளக்கும் சாய்வுமானி பழுதாகிவிட்டது. மென்பொருளை மாற்றி, அந்த வேலையையும் முடுக்கமானியிடமே கொடுத்தார்கள். ஹெலிகாப்டர் தொடர்ந்து பறந்தது.

2024 ஜனவரி 18-ல் நடந்த 72-வது பயணமே கடைசி. கீழே வழவழவென்ற மணல் அலைகள்; கேமரா பற்றிக்கொள்ளக் கல் எதுவும் போதுமான அளவில் இல்லை. திருத்த ஆளின்றி வேகக் கணக்கு தவறியது. பக்கவாட்டு வேகத்தோடு மணல்சரிவில் மோதியதில் நான்கு இறக்கைகளும் முறிந்தன.