ஆசாரியரும் பெருவழியும்

திருக்கோயிற் கிரியைகளை நடத்தும் சிவாசாரியர் மரபு ஓரூரிற் றோன்றி அவ்வூரிலேயே நிலைத்ததென்று கருதுவாருளர். சாசனங்கள் அங்ஙனம் கூறவில்லை.

தகடூரெனப் பண்டு வழங்கிய தருமபுரிப் பகுதியிற் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் காதக்கல் ஒன்று, 'அதியமான் பெருவழி' என்னும் சாலையைக் குறித்து, நாவற்றாவளம் 29 காதத் தொலைவிலுள்ளதென அறிவிக்கின்றது. அத்தொலைவு எழுத்தாலும் எண்ணாலும் பொறிக்கப்பட்டதன்றி, எழுத்தறியாதாரும் உணருமாறு, பத்துக்குப் பெருங்குழியும் ஒன்றுக்குச் சிறுகுழியுமாகக் குடைந்தும் காட்டப்பட்டுள்ளது. வழிச்செல்வார்மாட்டு அக்காலத்தார் கொண்ட பரிவுக்கு வேறு சான்று வேண்டா. கருநாட்டினின்றும் தமிழகத்துட் புகுவார்க்கு வாயிலாயமைந்தது தகடூர்நாடு. வணிகரும் படைஞரும் நடந்த இத்தகைய வழிகளே தவத்தோர்க்கும் வழியாயின. ஆயினும், கல் வழியைக் கூறுமேயன்றி நடந்தார் பெயரைக் கூறாது. அதற்குத் தஞ்சைப் பெரியகோயிற் சாசனத்தை நோக்குதல் வேண்டும்.

முதலாம் இராசேந்திர சோழனது 19-ஆம் ஆட்சியாண்டுச் (கி. பி. 1031-ஐ ஒட்டியது) சாசனம், சர்வசிவ பண்டிதர்க்கு ஆசாரியபோகமாக ஆண்டுதோறும் 2,000 கலம் நெல் விதிக்கின்றது. ஆரியதேசம், மத்தியதேசம், கௌடதேசம் என்பவற்றிலுள்ள அவர்தம் சீடருள்ளும் சீடர்தஞ் சீடருள்ளும் தகுதியுடையோர் அதனைப் பெறுதற்குரியர் என்பது அரசனாணை. நெல் விளைவது காவிரிநாட்டில். அதனைப் பெறும் உரிமையோ கங்கைநாடுவரை விரிகின்றது! ஆசாரியனை ஆசாரியனாக்குவன தீட்சையும் அபிடேகமுமேயன்றிப் பிறந்த நாடன்று என்னும் ஆகமக் கொள்கையே அரசாணையாக உருப்பெற்றது. சந்தானம் ஒன்றாயின் தேசம் பலவாதல் குற்றமாகாது.

தெலுங்குநாட்டு மல்காபுரச் சாசனம் (கி. பி. 1261) இதனை ஒருவர் வாழ்க்கையில் வைத்துக் காட்டும். கோளகி மடத்து விசுவேசுவரசம்பு கௌடநாட்டுப் பூர்வக்கிராமத்திற் பிறந்தவர். காகதீய கணபதி மன்னனுக்குத் தீட்சாகுருவானவர். அவன் மகள் உருத்திரமதேவி அளித்த மந்தரம் என்னும் ஊரில் மடமும் அன்னசாலையும் மட்டுமன்றி, மகப்பேற்றுச் சாலையும் ஆரோக்கியசாலையும் நிறுவினார். மடமென்பது ஓதுவார்க்கே உரிய இடமெனக் கொள்வார் இச்சாசனத்தைக் காண்பாராக.

இனி, இவை கொண்டு சித்தாந்தக் கிரியைநெறி முற்றும் வடக்கினின்றும் வந்த சரக்கென்று முடித்தலும் பொருந்தாது. சோழநாட்டு அகோரசிவாசாரியர் தம் குருபரம்பரையுள் கௌடநாட்டு ஆசாரியரையும் எண்ணுகின்றார், எனினும் கி. பி. 1158-இல் அவரியற்றிய கிரியாக்கிரமத்தியோதிகை தமிழ்நாட்டில் எழுந்த நூலே. வந்த நெறியை இந்நாட்டார் ஆராய்ந்து தொகுத்துத் தமதாக்கினர். சிவாலயங்கள் பலவற்றில் இன்றும் அப்பத்ததியே கைக்கொள்ளப்படுகின்றது.