குழந்தையின் முதல் துப்பாக்கி: வாங்கும் முன் சில சொற்கள்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் வைகாசிக் கருட சேவை நெருங்கிக்கொண்டிருந்த வேளை. தென்னேரியைச் சேர்ந்த நெசவாளர் ஒருவர், தம் தாயாரின் கண்புரைப் பரிசோதனைக்காகப் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்திருந்தார். உடன் வந்திருந்த ஆறு வயது மகனைச் சுட்டிக்காட்டி, "திருவிழாக் கடையில துப்பாக்கி வாங்கித் தரணும்னு ஒரே பிடிவாதம் டாக்டர். ஆபத்தில்லாததா எதை வாங்கலாம்?" என்று கேட்டார்.

வாங்கிய பின்னர்க் காயத்தோடு வருவோரையே பெரிதும் கண்டு பழகிய எனக்கு, வாங்கும் முன்பே ஒருவர் கேட்டது நிறைவளித்தது. அவருக்குக் கூறியதையே இங்கு எழுதுகிறேன்.

குழலிலிருந்து வெளிவருவது எது?

துப்பாக்கியின் விலையையோ வடிவத்தையோ பார்க்க வேண்டாம். அதன் குழலிலிருந்து என்ன வெளிவருகிறது என்று மட்டும் பாருங்கள்.

• ஒலியும் ஒளியும் மட்டும் தருபவை: சிறு குழந்தைக்கு ஏற்றவை. காதருகே வைத்து இயக்க விட வேண்டாம்.

• நீர்த் துப்பாக்கி: ஏற்றதே. முகத்தைக் குறிபார்க்கலாகாது, தூய நீரை மட்டுமே நிரப்ப வேண்டும்.

• மென்பஞ்சுக் குண்டு எய்பவை: சற்று வளர்ந்த குழந்தைக்கு, பெரியவர் உடனிருக்கும்போது மட்டும். மிக அருகிலிருந்து கண்ணில் பட்டால் இவையும் உள்ளே இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும்.

• 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கி: சிறு குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

• உலோகக் குண்டு போடும் 4.5 மி.மீ. பி.பி. துப்பாக்கி, ஏர் கன்: இவை விளையாட்டுப் பொருள்களே அல்ல. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இவற்றுள் அதிவேகமாகச் சுடுபவற்றை 16 வயதுக்குக் குறைந்தோர் பயன்படுத்தலாகாது என்று அறிவுறுத்துகிறது.

சிறு குண்டு ஏன் பெருங்கேடு செய்கிறது?

நம் கண்ணைச் சுற்றி எலும்பாலான வரம்பு உள்ளது. கிரிக்கெட் பந்து போன்ற பெரிய பொருள் மோதும்போது, விசையின் பெரும்பகுதியை அந்த எலும்பு தாங்கிக்கொள்ளும். பட்டாணி அளவுள்ள குண்டோ அவ்வரம்புக்குள் எளிதாக நுழைந்து விழியையே தாக்குகிறது. இமை மூடும் முன்பே அது வந்து சேர்ந்துவிடுகிறது. கருவிழி கிழியலாம், கண்புரை உண்டாகலாம், விழித்திரை பிரியலாம்.

"சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன்" என்று சில பெற்றோர் கூறுவர். ஆனால், காயமடைவது பல வேளைகளில் சுடும் குழந்தையன்று. எதிரே ஓடிவரும் தம்பியோ தங்கையோதான். சுவரில் பட்டுத் தெறிக்கும் குண்டு, சுட்டவரையும் தாக்கும்.

வலி நின்றால் காயம் ஆறியதாகாது

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை என்னால் மறக்க இயலவில்லை. விடுமுறையில் உறவுக்காரப் பையன் சுட்ட பிளாஸ்டிக் குண்டு அவனது வலக்கண்ணில் பட்டது. ஒரு மணி நேரத்தில் வலி குறைந்துவிட்டது. வீட்டில் அடிப்பார்களென்று அஞ்சி, அவன் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் கண்ணுக்குள் மீண்டும் இரத்தம் கசிந்து, அழுத்தம் உயர்ந்து, வாந்தியோடு வந்து சேர்ந்தான்.

சிகிச்சையால் பார்வை பெருமளவு மீண்டது. எனினும், கண்ணின் நீர் வடியும் பகுதி சிதைந்திருந்தது. இத்தகைய கண்ணில் பல ஆண்டுகள் கழித்தும் கண்ணழுத்த நோய் தோன்றலாம். ஆதலால் ஆண்டுதோறும், வாழ்நாள் முழுவதும், அவன் பரிசோதனைக்கு வர வேண்டும்.

முதல் நாளே அவன் அச்சமின்றிச் சொல்லியிருந்தால், அந்த இரண்டாவது கசிவைத் தடுக்க முயன்றிருக்கலாம். எனவே, "கண்ணில் எது பட்டாலும் உடனே சொல், யாரும் திட்டமாட்டோம்" என்று இன்றே உங்கள் குழந்தையிடம் கூறுங்கள். கூறியபடி நடந்தும் கொள்ளுங்கள்.

சட்டமும் தர முத்திரையும்

2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குக் குறைந்தோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அம்முத்திரையற்ற பொம்மையைத் தவிருங்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட குழல் விட்டமோ உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவை. அதற்குட்பட்டவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்பதால், அவை குழந்தைக்கு ஏற்றவை என்று பொருளாகாது.

குறிபார்ப்பதில் உண்மையான ஆர்வமுள்ள பிள்ளை, உரிய வயதில் பயிற்சியாளரின் கண்காணிப்பில் கற்கட்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஒலிம்பிக் வரை சென்றவர். அந்த விளையாட்டுக்குக் களமும் ஒழுங்கும் உண்டு. தெருவுக்கு அவை இல்லை.

கண்ணில் குண்டு பட்டுவிட்டால்

• கண்ணைக் கசக்கவோ அழுத்தவோ கூடாது. உள்ளே ஏதேனும் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது.

• தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் விட வேண்டாம்.

• காகிதக் குவளையின் அடிப்பாகத்தை வெட்டி, விழியைத் தொடாதவாறு கண்மேல் வைத்து ஒட்டுங்கள்.

• தலையை உயர்த்தி வைத்து, உடனே கண் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். தேவையெனில் 108ஐ அழையுங்கள்.

• அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உணவோ நீரோ தர வேண்டாம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் மாத்திரைகள் இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடும், அவற்றையும் தராதீர்கள்.

• வலி இல்லாவிட்டாலும், பார்வை தெளிவாக இருந்தாலும், அன்றே பரிசோதனை அவசியம்.

அந்த நெசவாளரிடம் இறுதியாக ஒன்று கேட்டேன்: "ஒரு கண்ணை மூடிக்கொண்டு அறுந்த இழையைப் பிணைத்துப் பார்த்ததுண்டா?" அவர் புன்னகைத்து, "கை தடுமாறும், டாக்டர்" என்றார். இழை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை நுட்பமாகக் காட்டுவது இரு கண்களும் சேர்ந்து தரும் பார்வையே. அடுத்த முறை தாயாரின் அறுவை சிகிச்சைக்கு வந்தபோது, சிறுவன் கையில் ஒரு நீர்த் துப்பாக்கி இருந்தது. அதில் நீர் நிரப்பாமல் அழைத்து வந்ததற்காக அவன் தந்தைக்கு நன்றி கூறினேன்.