நாம் இன்னும் வளர்ந்து முடியவில்லை!

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குக் குழந்தை உளவியலோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். முதலாண்டில் இன்ஜினியரிங் டிராயிங்கில் அரியர் விழுந்தபோது, "நம்ம மூளை அவ்வளவுதான்" என்று முடிவுகட்டி, டி.சி. வாங்கக் கிளம்பியவன் நான். அந்த எண்ணம் தப்பு என்பது மூன்று அறிஞர்களைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

முதலாமவர் சுவிட்சர்லாந்தின் பியாஜே (1896-1980). ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். குழந்தையின் கண் முன்னாலேயே ஒன்றை மட்டும் ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாற்றுங்கள். எதில் அதிகம் என்று கேட்டால், நாலைந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் உயரமானதைத்தான் காட்டும். என் அக்கா மகளும் "இதுலதான் மாமா ஜாஸ்தி" என்றாள்! ஏழு வயதை ஒட்டி, "அதே தண்ணிதானே" என்று சொல்லத் தெரிந்துவிடும். குழந்தை முட்டாள் இல்லை. அது யோசிக்கும் விதமே வேறு, அது படிப்படியாக மாறுகிறது என்றார் பியாஜே. கேள்வியை எளிதாக்கினால் இன்னும் சின்ன வயதிலேயே சரியாகச் சொல்லும் குழந்தைகளும் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள்.

இரண்டாமவர் ரஷ்யாவின் வைகாட்ஸ்கி. அவரும் 1896-இல் பிறந்தவர். காசநோயால் 1934-இல், 37 வயதிலேயே இறந்துபோனார். ஒருவன் தனியாக எதைச் செய்கிறான் என்பதை மட்டும் பார்க்காதே, தெரிந்தவர் துணையோடு எதைச் செய்கிறான் என்றும் பார் என்றார். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம்தான் கற்றல் நடக்கும் இடம்.

இது எனக்கே நடந்தது. கூம்பைச் சாய்வாக வெட்டினால் என்ன வடிவம் வரும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அறை நண்பன் மெஸ்ஸிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து வந்து, சாய்வாக ஒரு வெட்டு வெட்டி, "பாருடா, நீள்வட்டம்!" என்றான். நாலு நாள் கேரட்டோடு வரைந்தேன். ஐந்தாம் நாள் கேரட் தேவைப்படவில்லை. அரியரும் கிளியர் ஆனது.

மூன்றாமவர் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எரிக்சன் (1902-1994). கைக்குழந்தை முதல் முதுமை வரை வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து 1950-இல் நூலாக எழுதினார். வளரிளம் பருவத்தின் கேள்வி, "நான் யார்?" என்பது. பத்தாவது முடித்த கையோடு நம்மில் பலருக்குப் பிரிவைத் தேர்ந்தெடுத்ததே அப்பாவோ மாமாவோதான். அப்புறம் இந்தக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? எரிக்சனும் இளமையில் ஓவியனாக ஊர் ஊராக அலைந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாமலே ஹார்வர்டில் பேராசிரியரானார்!

ஆக, குழப்பம் நோயல்ல, ஒரு கட்டம். அரியர் என்பது மூளையின் அளவும் அல்ல. உங்கள் பக்கத்து பெஞ்சில் யாராவது டி.சி. வாங்கப் போகிறேன் என்றால், அறிவுரை சொல்லாதீர்கள். ஒரு கேரட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.