கடல் தொடங்கும் பீலிக்கரை

மலையகத்து ஹேவாஹெட்டத் தோட்டங்களில் பீலியில் வழியும் தண்ணீரும் கானில் ஓடும் மழைநீரும் ஓயாக்களில் இறங்கி மகாவலியைச் சேர்கின்றன. 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலில் கலக்கிறது. அப்படியிருக்க, கடலைக் காப்பது கரையோரப் பிள்ளைகளுக்கு மட்டுமான பாடம் என்று நினைப்பது தவறு. மகாவலியின் விக்டோரியா, ரந்தெனிகல அணைகள் குப்பையை மறித்துவிடுமே என்று கேட்கலாம். பெரிய குப்பைகள் பல அங்கே தங்கக்கூடும். ஆனால் பொலித்தீன் மக்கிப் போவதில்லை. வெயிலில் நைந்து, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சிதைகிறது. அந்தத் துணுக்குகளை மதகு முழுதாக மறிப்பதில்லை.

மலையில் எறிந்தது கடலுக்குப் போகும் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு வாயால் சொல்லி விளங்கவைப்பது கடினம். ஓர் ஆற்றை ஒரே பார்வையில் முழுதாகக் காண முடியாது. படக்கதைப் புத்தகம் அதைக் காட்டும்: ஒரு பக்கத்தில் லயத்துக் கான், அடுத்ததில் ஓயா, பிறகு அணை, வயல், கடைசியில் குடா. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே ஆற்றோடு போகலாம். சொறிமுட்டையைத் தின்று வாழும் ஏழுவரி ஆமை, மிதக்கும் சொப்பிங் பையை இரையென்று விழுங்குவதை ஒரே படம் உணர்த்திவிடும். இலங்கைக் கரைகளில் முட்டையிடும் ஐந்து ஆமையினங்களில் அதுவும் ஒன்று. பவளப்பாறையிலும் வண்ண மீன்களிலும் தொடங்கும் கடல் புத்தகங்கள் அழகானவைதாம். ஆனால் மலையகப் பிள்ளைக்கு அவை வேறோர் உலகத்துக் கதையாகவே நின்றுவிடுகின்றன. அவர்களுக்கான புத்தகம் பீலிக்கரையில் தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

பெரியவர்கள் செய்த அழிவுக்குச் சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குவதா என்ற கேள்வி, அணை பற்றிய கேள்வியைவிடக் கனமானது. 2021இல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளை ஏற்றி வந்தது. மேற்குக் கரை நெடுகிலும் அவை ஒதுங்கின. எந்த லயத்துப் பிள்ளையும் அதற்குப் பொறுப்பில்லை. ஆகவே நல்ல புத்தகம் பிள்ளையைக் குற்றம் சொல்லக்கூடாது. கப்பலையும் தொழிற்சாலையையும் கடையில் தொங்கும் சாஷேக்களையும் சேர்த்தே வரைய வேண்டும். உணவும் மருந்தும் தவிர்ந்த சிறு சாஷேக்களுக்கு 2021 மார்ச்சிலேயே தடை வந்தது. சட்டம் எதற்காக வந்தது என்பதைப் பிள்ளைகள் அறிந்தால்தான் அதை மீறுபவர்களிடம் நாளை கேள்வி கேட்பார்கள்.

தமிழில் புத்தகம் எங்கே என்பார்கள். சென்னையின் தூலிகா, தமிழிலும் படக்கதைகள் வெளியிட்டு வருகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் 2015 முதல் கதைகளை இலவசமாகத் தருகிறது. அவற்றை மாற்றி எழுதவும் அனுமதிக்கிறது. தமிழகத்து ஏரியை ஓயாவாகவும் தெருவை லயமாகவும் மாற்றி, சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடவேளையில் உரக்க வாசித்துக்காட்ட ஓர் ஆசிரியரால் முடியும். அச்சுச் செலவை மட்டும் அவர் தலையில் கட்டக்கூடாது. அதை மாகாணக் கல்வித் திணைக்களங்கள் ஏற்க வேண்டும்.