மூடிய அரங்கில் வீசிய காற்று

2022 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. கல்லாங்கில் உள்ள சிங்கப்பூர் உள்ளரங்கு விளையாட்டரங்கின் மேல்வரிசையில் அப்பாவுடன் உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூர் பொது விருதுப் பூப்பந்துப் போட்டியின் மகளிர் இறுதியாட்டம். இந்தியாவின் பி.வி.சிந்து முதல் செட்டை 21-9 என்று எளிதாக வென்றார். பக்கம் மாறியதும் சீனாவின் வாங் ஸியி 21-11 என்று திருப்பிக் கொடுத்தார்.

“திடீர்னு என்ன ஆச்சு?” என்றார் அப்பா.

“காத்துப்பா.”

மூடிய அரங்கில் ஏது காற்று என்று அவர் நம்பவில்லை. எனக்கோ அது பழகிய எதிரி. பூப்பந்தின் எடை ஏறக்குறைய 5 கிராம்தான். குளிரூட்டியிலிருந்து வரும் காற்றே அதைத் தள்ளிவிடும். ஒரு பக்கம் நின்று ஓங்கி அடித்தாலும் பந்து கடைசிக் கோட்டை எட்டாது; மறுபக்கம் நின்று மெதுவாகத் தட்டினாலே கோட்டைத் தாண்டிவிடும். கூரை உயர்ந்த பெரிய அரங்குகளில் கணிப்பது இன்னும் சிரமம். அன்றைய புள்ளிகளுக்குக் காற்று மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். பாதிக் காரணம் என்பேன்.

அந்த ஆண்டு பள்ளி அணிக்காக ஆடியபோது நான் அடித்த பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போய்த் தோற்றிருந்தேன். மட்டையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றிருந்த நேரம். இரண்டு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவரே அங்கே தடுமாறினார். ஆனால் மூன்றாவது செட்டை 21-15 என்று வென்று பட்டத்தைத் தட்டிச் சென்றார். மறுவாரம் நான் பயிற்சிக்குப் போனேன்.

இந்த அரங்கு 1989 டிசம்பர் 31 அன்று திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ தாங்கே. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கின் யோயோகி உள்ளரங்கும் அவருடையதே. ஏறக்குறைய 12,000 பேர் அமரலாம். 2015 தென்கிழக்காசிய விளையாட்டுகளின் பூப்பந்து, மேசைப்பந்து ஆட்டங்கள் இங்குதான் நடந்தன. ஆனால் என் நண்பர்களில் பலருக்கு இது இசை நிகழ்ச்சிக்குப் போகும் இடம், அவ்வளவே. விரிப்பைச் சுருட்டி மேடை போட்டால் அரங்கே மாறிவிடுகிறது!

கல்லாங்கில் குறைந்தது 18,000 இருக்கைகளுடன் புதிய உள்ளரங்கு கட்டப்படும் என்று 2025இல் அரசாங்கம் அறிவித்தது. பெரிய பாடகர்கள் அங்கே போகட்டும். பழைய அரங்கை என்னிடம் கேட்டால், பள்ளிகளுக்கு இடையிலான இறுதியாட்டங்களுக்குக் கொடுத்துவிடுவேன். பதினைந்து வயதில் ஒருவர் அந்தக் கூரையின்கீழ் நின்று, எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று முதல் பந்தை அடித்துப் பார்க்கட்டும்.