நுரையீரல் இரத்த அழுத்தமும் இருதயத்தின் வலப்புறமும்

இரத்த அழுத்தம் என்றவுடன் புயத்தில் பட்டை சுற்றி அளக்கப்படும் அழுத்தமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அதனின்று வேறான மற்றோர் அழுத்தமும் உண்டு. இருதயத்தின் வலக் கீழறையிலிருந்து நுரையீரலுக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் தமனியில் நிலவுவது அது. உடல்நலமுள்ளவர் ஓய்வாக இருக்கையில் அதன் சராசரி அளவு ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் பாதரசமே. முன்னர் அது 25-ஐ எட்டினால் நோய் எனக் கருதினர். 2018-ல் கூடிய உலக வல்லுநர் மாநாட்டிற்குப் பின் 20-க்கு மேற்பட்டாலே நோய் எனக் கொள்ளப்படுகிறது.

இவ்வழுத்தத்தைத் திட்டமாக அளப்பதற்கு இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயொன்றை இருதயத்தினுள் செலுத்த வேண்டும். 1929-ல் ஜெர்மானிய டாக்டர் வெர்னர் ஃபார்ஸ்மன் இதனைத் தம் உடலிலேயே செய்து, எக்ஸ்-ரே படமும் எடுத்துக் காட்டினார். இம்முறையை வளர்த்த கூர்னாண்டு, ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவரோடு அவருக்கும் 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் நோயை உறுதி செய்யும் முறை இதுவே.

எனினும், நோயாளியின் எதிர்காலத்தை அழுத்த அளவு மட்டும் அறிவித்துவிடாது. வலக் கீழறை மெல்லிய சுவருடையது. குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யவே அமைந்தது. ஆழமற்ற கிணற்றில் கவலை இழுத்துப் பழகிய மாட்டை ஆழ்கிணற்றில் பூட்டினாற்போன்ற நிலை அதற்கு நேர்கிறது. முதலில் சுவர் தடிக்கிறது; பின்னர் அறை விரிந்து தளர்கிறது. தளர்ந்த அறையால் இரத்தத்தை உந்த முடியாதபோது தமனியின் அழுத்தம் இறங்குவதும் உண்டு. அவ்விறக்கத்தைக் குணமென்று எண்ணிவிடுவது பெரும் பிழையாகும். ஆகவேதான் வலக் கீழறையையே நேரில் காண வேண்டியிருக்கிறது.

இதற்கு வழி வகுத்தவர்கள் 1953-ல் சுவீடனின் லுண்டு நகரில் கேளா ஒலி அலைகளால் இருதயத்தின் அசைவைப் பதிவு செய்த எட்லரும் ஹெர்ட்சும் ஆவர். எக்கோ எனப்படும் இச்சோதனையில் வலியில்லை. எக்ஸ்-ரே கதிரும் இல்லை. ஒவ்வொரு துடிப்பிலும் வலப்புற வால்வின் வளையம் இருதய நுனியை நோக்கி எவ்வளவு இறங்குகிறது என்று அதில் அளக்கலாம். 2006-ல் அமெரிக்காவில் 63 நோயாளிகளைக் கொண்டு வெளியான ஆய்வில், இவ்விறக்கம் 1.8 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தவர்களுள் 88 சதவீதத்தினர் இரண்டாண்டுக்குப் பின்னும் உயிரோடிருப்பர் எனக் கணக்கிடப்பட்டது. அதற்குக் குறைந்தவர்களிடையே அது 50 சதவீதமே. விரலகலத்தினும் சிறிய அசைவொன்று இத்தனை செய்தி தருவது வியப்புக்குரியதே. வல மேலறையின் பரப்பு 26 சதுர சென்டிமீட்டரைத் தாண்டுவதும், இருதய உறையில் மிகுதியாக நீர் கோத்திருப்பதும் அபாயக் குறிகள். ஆயினும் ஒரே அளவைக் கொண்டு டாக்டர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. நோயாளி ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதையும் உடன் பார்க்கின்றனர்.

எம்.ஆர்.ஐ. படம் அறையின் கொள்ளளவை மேலும் துல்லியமாகக் காட்டும். 2011-ல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வு இங்கே கருதத்தக்கது. மருந்தினால் நுரையீரல் குழாய்களின் தடை குறைந்தவர்களிலும் நான்கில் ஒருவருக்கு வலக் கீழறை மேலும் நலிந்திருந்தது. அவர்களுக்கு நேர்ந்த முடிவு நல்லதாக இல்லை.

நம் நாட்டில் முடக்குக் காய்ச்சலால் சுருங்கிய இருதய வால்வும், பிறவியிலேயே அமைந்து மூடப்படாத இருதயத் துளையும் இந்நோய்க்குக் காரணங்களாகின்றன. படியேறினால் மூச்சுத் திணறுவதும், கால் வீங்குவதும், மயங்கி விழுவதும் இதன் அறிகுறிகள். கிராமங்களில் இவற்றை இரத்தசோகை என்று விட்டுவிடுவது எளிது. விளையாட்டில் பின்தங்கி, உதடு நீலம் பாரிக்கும் மாணவனை ஆசிரியரே முதலில் கவனிக்கக்கூடும். இந்நோயுள்ள பெண்ணுக்குக் கர்ப்பம் உயிராபத்தானது. எனவே, இவ்வறிகுறிகளுள்ள பெண்களைக் களப் பணியாளர் காலந்தாழ்த்தாது எக்கோ வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சிகிச்சை மாற்றப்பட்ட பின், மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் அச்சோதனை மீண்டும் செய்யப்பெறும்.